முப்பது வருடம் தூங்கிய கட்டுரை

1955 ஜனவரியில் இந்தியா முழுக்க ஆவடி பற்றித்தான் பேச்சு. காங்கிரஸ் கட்சியின் 60வது மாநாடு இங்கே நடந்தது. யு.என். தேபர் தலைமை தாங்கினார். பிரதமர் நேரு வந்திருந்தார். சென்னை மாகாண முதலமைச்சராக இருந்தவர் காமராஜர். 'சோஷலிச பாணி சமுதாயம்' அமைப்பதுதான் நாட்டின் லட்சியம் என்று அந்த மாநாட்டில் தீர்மானம் போட்டார்கள். பொருளாதாரப் பாடப்புத்தகங்களில் 'ஆவடி தீர்மானம்' என்று வருவது இதுதான். அணை, உருக்காலை, ஆராய்ச்சிக்கூடம் எதுவானாலும் அரசாங்கம் முன்னால் நின்று செய்யும் என்ற காலம்.

ஆவடி வழியாகப் போகும் தண்டவாளத்திலேயே அரக்கோணம், காட்பாடி, ஜோலார்பேட்டை தாண்டிப் போனால் பெங்களூர் வரும். அதே 1955ல் அந்த ஊரில், அரசாங்கப் பணமே வேண்டாம் என்று பிடிவாதமாக இருந்த ஒருவரின் ஆராய்ச்சிக்கூடத்தில், 21 வயது இளைஞர் ஒருவர் ஒரு கல்லை ஒளியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மாநாடு பாடப்புத்தகத்துக்குப் போனது. அந்த இளைஞர் எழுதியது ஒரு பத்திரிகைக்குள் போய் முப்பது வருடம் தூங்கியது. எழுந்தபோது அது ஹோலோகிராம் செய்யும் முறையையே மாற்றியது. அந்தக் கதைதான் இது.

முதலில், ஹோலோகிராம் என்றால் என்ன?

ஏ.டி.எம். கார்டின் மூலையில் மினுமினுக்கும் சின்னப் படம், டாஸ்மாக் பாட்டில் மூடியின் மேல் ஒட்டியிருக்கும் பளபள ஸ்டிக்கர். ஹோலோகிராம் என்றதும் நம் ஊரில் ஞாபகம் வருவது இவைதான். இதன் தொடக்கம் 1947. டென்னிஸ் கேபர் என்ற ஹங்கேரி நாட்டுக்காரர் இங்கிலாந்தில் வேலை பார்க்கும்போது கண்டுபிடித்தார். 1971ல் அதற்காக நோபல் பரிசு கிடைத்தது. மாஸ்டர்கார்ட் தன் கார்டுகளில் ஹோலோகிராம் ஒட்ட ஆரம்பித்தது 1983ல்.

சாதாரண ஃபோட்டோவுக்கும் ஹோலோகிராமுக்கும் ஒரே ஒரு வித்தியாசம். ஒளி ஒரு அலை. அலைக்கு இரண்டு விவரங்கள் உண்டு. எவ்வளவு உயரம் (பிரகாசம்), அந்த நொடியில் ஏறுகிறதா இறங்குகிறதா என்ற நிலை. இந்த இரண்டாவதைத்தான் +2 இயற்பியல் புத்தகம் 'கட்டம்' என்கிறது. ஃபோட்டோ பிரகாசத்தை மட்டும் பிடிக்கும். ஹோலோகிராம் கட்டத்தையும் பிடிக்கும். அதனால்தான் தலையை அசைத்தால் படத்தின் பக்கவாட்டும் தெரிகிறது.

ஆகவே ஹோலோகிராம் செய்வது என்றால், ஒளி அலையின் கட்டத்தை இடத்துக்கு இடம் நமக்கு வேண்டியபடி மாற்றுவது என்று அர்த்தம். எப்படி மாற்றுவது? பழைய வழி, ஒளியைக் காக்க வைப்பது. கண்ணாடி தடிமனாக இருக்கும் இடத்தில் ஒளி தாமதமாக வெளியே வரும், மெல்லிய இடத்தில் சீக்கிரம் வரும். மூக்குக்கண்ணாடி லென்ஸ் வேலை செய்வது இப்படித்தான். ஸ்டிக்கர் ஹோலோகிராமிலும் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்கள் அச்சாகியிருக்கும்.

மேடும் பள்ளமும் இல்லாமல், எல்லா இடத்திலும் ஒரே தடிமன் உள்ள ஒரு ஃபிலிமை வைத்துக்கொண்டு கட்டத்தை மாற்ற முடியுமா? முடியும். அதற்கான கணக்கைப் போட்டவர்தான் பெங்களூர் இளைஞர். பெயர் சிவராமகிருஷ்ண பஞ்சரத்னம்.

மாமா வீட்டு ஆராய்ச்சிக்கூடம்

பஞ்சரத்னம் 1934ல் கல்கத்தாவில் பிறந்தவர். தமிழ்க் குடும்பம். சர் சி.வி. ராமன் அவருக்குத் தாய்மாமன். ராமன் 1948ல் இந்திய அறிவியல் கழகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, பெங்களூரிலேயே சொந்தமாக ஒரு ஆராய்ச்சி நிலையத்தை ஆரம்பித்தார். மைசூர் மகாராஜா கொடுத்த நிலம், நன்கொடைகள், தன் கைப்பணம் இவற்றை வைத்தே நடத்தினார். அரசாங்க மானியம் வாங்கினால் ரிப்போர்ட் எழுதியே காலம் போய்விடும் என்பது அவர் கட்சி. வைரம், அமெதிஸ்ட் என்று கற்களையும் படிகங்களையும் சேர்த்து வைப்பதில் அவருக்கு அலாதி ஆசை.

பஞ்சரத்னம் இங்கே வந்து சேர்ந்தபோது இருபது வயதுகூட ஆகியிருக்காது. அவருக்குக் கிடைத்தது அயோலைட் என்ற கல். ஒரு பக்கம் பார்த்தால் ஊதா கலந்த நீலம், திருப்பிப் பிடித்தால் வெளிறிய மஞ்சள். ஒளி எந்தத் திசையில் அதிர்ந்துகொண்டு உள்ளே போகிறதோ அதைப் பொறுத்து இந்தக் கல் ஒளியை உறிஞ்சும். ஒளி அதிரும் திசைக்குத்தான் புத்தகத்தில் 'தளவிளைவு' என்று பெயர். கூலிங் கிளாஸ் விளம்பரத்தில் வரும் 'போலராய்டு' இதே சமாச்சாரம்தான்.

இப்படிப்பட்ட கற்களுக்குள் ஒளி எப்படிப் போகிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் ஒரு அடிப்படைக் கேள்விக்குப் பதில் வேண்டும். அதிரும் விதம் வெவ்வேறாக உள்ள இரண்டு ஒளிக்கதிர்கள் சந்தித்தால் என்ன ஆகும்? எப்போது அவை 'ஒரே கட்டத்தில்' இருக்கின்றன என்று சொல்வது? ஒரே மாதிரி அதிரும் இரண்டு அலைகளுக்கு இது சுலபம். மேடும் மேடும் சேர்ந்தால் ஒரே கட்டம். ஒன்று மேலும் கீழுமாகவும் இன்னொன்று சாய்வாகவும் அதிர்ந்தால்?

பஞ்சரத்னம் எளிமையாக ஒரு விதி வைத்தார். இரண்டையும் சேர்த்தால் எப்போது வெளிச்சம் அதிகபட்சமாக இருக்கிறதோ, அப்போது அவை ஒரே கட்டத்தில் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். அவ்வளவுதான் விதி. ஆனால் அதிலிருந்து வந்த முடிவு விசித்திரமானது.

மூன்று பேர் கணக்கு

ரூபாயை டாலராக மாற்றி, டாலரை யூரோவாக மாற்றி, யூரோவைத் திரும்ப ரூபாயாக மாற்றினால், கமிஷன் எதுவும் இல்லாத பட்சத்தில் போட்ட பணம் அப்படியே வர வேண்டும். சில சமயம் நாலு பைசா கூடவோ குறையவோ வரும். அந்நியச் செலாவணி மார்க்கெட்டில் அந்த நாலு பைசாவைப் பிடிக்கவே தனியாக ஆட்கள் இருக்கிறார்கள். அதற்கு ஆர்பிட்ரேஜ் என்று பெயர். ஆட்கள் புகுந்து விளையாடியதும் அந்த வித்தியாசம் மறைந்துவிடும்.

ஒளியில் அந்த வித்தியாசம் மறைவதே இல்லை என்பதுதான் பஞ்சரத்னம் கண்டது. 'அ' என்ற ஒளியும் 'ஆ' என்ற ஒளியும் ஒரே கட்டம். 'ஆ'வும் 'இ'யும் ஒரே கட்டம். அப்படியென்றால் 'இ'யும் 'அ'வும் ஒரே கட்டமாகத்தானே இருக்க வேண்டும்? இல்லை! கொஞ்சம் பாக்கி நிற்கிறது. அந்தப் பாக்கி எவ்வளவு என்பதையும் அவர் கணக்கிட்டார்.

அதற்கு அவர் பயன்படுத்தியது 1892ல் ஃபிரெஞ்சுக் கணித மேதை ஹென்றி பாயின்கரே போட்ட ஒரு உருண்டை. ஒளி அதிரக்கூடிய ஒவ்வொரு விதத்துக்கும் அந்த உருண்டையின் மேல் ஒரு புள்ளி உண்டு. நேர்கோட்டில் அதிரும் ஒளி எல்லாம் பூமத்திய ரேகையில் இருக்கும். ஸ்க்ரூ மாதிரி சுழன்றுகொண்டே போகும் ஒளியில் வலஞ்சுழி ஒரு துருவம், இடஞ்சுழி இன்னொரு துருவம். அ, ஆ, இ மூன்றையும் உருண்டையில் குறித்துக் கோடு போட்டால் ஒரு முக்கோணம் கிடைக்கும். அந்த முக்கோணம் உருண்டையின் நடுவில் அடைக்கும் திண்மக் கோணத்தில் சரிபாதிதான் அந்தப் பாக்கி.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு உதாரணம். ஒருவர் வட துருவத்தில் கையில் ஈட்டியோடு நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈட்டி முனை முன்னால் பார்த்தபடி தெற்கே நடந்து பூமத்திய ரேகைக்கு வருகிறார். ஈட்டியைத் திருப்பாமல், அது தெற்கே பார்த்தபடியே, பக்கவாட்டில் கிழக்கே பூமியில் கால்வாசி தூரம் நடக்கிறார். அப்படியே ஈட்டி தெற்கே பார்க்க, பின்பக்கமாக நடந்து துருவத்துக்குத் திரும்பி வருகிறார். ஒரு இடத்தில்கூட ஈட்டியைத் திருப்பவில்லை. ஆனால் புறப்பட்டபோது இருந்த திசைக்கும் இப்போது இருக்கும் திசைக்கும் 90 டிகிரி வித்தியாசம். ஈட்டியைத் திருப்பியது அவர் இல்லை. நடந்த பாதையின் வடிவம்தான் திருப்பியது. ஒளியின் கட்டத்திலும் இப்படித்தான் ஒரு திருப்பம் வருகிறது. ஒளி தாமதமானதால் வருவதில்லை, போன பாதையின் வடிவத்தால் வருகிறது. அதனால்தான் இன்று இதை 'வடிவியல் கட்டம்' என்கிறார்கள்.

இதை 1956ல் இந்திய அறிவியல் அகாடமியின் 'ப்ரொசீடிங்ஸ்' இதழில் பஞ்சரத்னம் வெளியிட்டார். வயது 22. லேசர் என்ற சொல்லே அப்போது பிறக்கவில்லை. முதல் லேசர் வந்தது 1960ல்தான்.

அதற்கு முந்தைய வருடம், 1955ல், இன்னொரு வேலையும் செய்திருந்தார். சாதாரணமாக ஒரு படிகத் தகடு ஒளியின் அதிர்வை மாற்றினால், அது ஒரு நிறத்துக்குத்தான் சரியாக வரும். மற்ற நிறங்களுக்குத் தப்பும். மூன்று தகடுகளைக் குறிப்பிட்ட கோணங்களில் திருப்பி அடுக்கினால், ஒன்றின் தப்பை மற்றொன்று சரிசெய்து, பல நிறங்களுக்கும் வேலை செய்யும் என்று காட்டினார். இந்த மூன்று தகடு விஷயத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

தம்பி ஆக்ஸ்ஃபோர்டில், அண்ணன் திரவப் படிகத்தில்

பஞ்சரத்னத்தின் அண்ணன் சிவராமகிருஷ்ண சந்திரசேகர். (நோபல் பரிசு வாங்கிய வானியல் சந்திரசேகர் வேறு. அவர் ராமனுடைய அண்ணன் மகன்.) இந்தச் சந்திரசேகர் 1961ல் மைசூர் பல்கலைக்கழக இயற்பியல் துறையின் தலைவரானார். தம்பியும் அதே வருடம் அங்கே ஆசிரியராகச் சேர்ந்தார். 1964ல் தம்பி இங்கிலாந்து போனார். ஆக்ஸ்ஃபோர்டில் ஜார்ஜ் சீரிஸ் என்பவரோடு சேர்ந்து, அணுக்கள் ஒளியை எப்படி வாங்கித் திருப்பிக் கொடுக்கின்றன என்ற ஆராய்ச்சியில் இறங்கினார். பழைய படிக வேலை பெங்களூரோடு நின்றது.

1969 மே மாதம் பஞ்சரத்னம் ஆக்ஸ்ஃபோர்டில் காலமானார். வயது 35. அடுத்த வருடம் நவம்பரில் ராமனும் காலமானார்.

அண்ணன் எடுத்துக்கொண்டது திரவப் படிகம். 1888ல் (ராமன் பிறந்த வருடம்) ஆஸ்திரியாவைச் சேர்ந்த தாவரவியல் அறிஞர் ரைனிட்சர், கேரட்டிலிருந்து எடுத்த ஒரு கொழுப்புப் பொருளைச் சூடாக்கியபோது அது இரண்டு தடவை உருகியதைப் பார்த்தார். 145 டிகிரியில் கலங்கலான திரவம், 178 டிகிரிக்கு மேல் தெளிவான திரவம். அந்தக் கலங்கல் நிலைதான் திரவப் படிகம். தண்ணீர் மாதிரி ஓடும், ஆனால் உள்ளே குச்சி மாதிரி இருக்கும் மூலக்கூறுகள் ஒரே திசையைப் பார்த்து நிற்கும். இன்று எல்.சி.டி. டிவி, கால்குலேட்டர் எல்லாம் இதில்தான் ஓடுகின்றன.

1971ல் சந்திரசேகர் ராமன் ஆராய்ச்சி நிலையத்தில் திரவப் படிக ஆய்வகத்தை ஆரம்பித்தார். 1977ல் சதாசிவா, சுரேஷ் என்ற இருவரோடு சேர்ந்து, குச்சி வடிவ மூலக்கூறுகள் மட்டுமல்ல, நாணயம் மாதிரி தட்டையான மூலக்கூறுகளும் திரவப் படிகமாகும் என்று கண்டுபிடித்தார். வெளியிட்டது 'பிரமாணா' என்ற இந்திய இதழில். உலகம் உடனே கவனித்தது. 1990களின் பிற்பகுதியிலிருந்து எல்.சி.டி. திரைகளைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் தெளிவாகத் தெரிய வைக்க, இந்தத் தட்டை மூலக்கூறு ஃபிலிம்களை ஃபியூஜி நிறுவனம் பயன்படுத்தியது.

கவனியுங்கள். ஒரே கட்டிடம். தம்பியின் கட்ட விதி அங்கே ஒரு பழைய இதழில் தூங்குகிறது. அண்ணன் அங்கே திரவப் படிகத்தை உருக்கிக்கொண்டிருக்கிறார். ஹோலோகிராம் ஃபிலிமுக்கு இரண்டும் வேண்டும்.

தூக்கம் கலைந்தது

1984ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் பெர்ரி என்ற பேராசிரியர், குவாண்டம் இயற்பியலில் ஒரு புதிய கட்டத்தைக் கண்டுபிடித்தார். ஒரு அமைப்பை மெதுவாக மாற்றி, சுற்றி, தொடங்கிய நிலைக்கே கொண்டுவந்தால், சுற்றிய பாதையின் வடிவத்தைப் பொறுத்து ஒரு பாக்கி நிற்கும். 'பெர்ரி கட்டம்' என்று உலகம் முழுக்கப் பரபரப்பானது.

பெங்களூரில் இதைப் படித்த இரண்டு பேருக்குப் பொறி தட்டியது. ஒருவர் எஸ். ராமசேஷன். ராமன் குடும்பத்தைச் சேர்ந்தவர், இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராக இருந்தவர். இன்னொருவர் ராஜாராம் நித்யானந்தா. 1986ல் இருவரும் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் ஒரு சிறு கட்டுரை எழுதினார்கள். பெர்ரி கண்ட கட்டத்துக்கு முன்னோடியான உதாரணம் முப்பது வருடத்துக்கு முன்பே பஞ்சரத்னத்தின் கட்டுரையில் இருக்கிறது என்று எடுத்துக்காட்டினார்கள்.

பெர்ரி என்ன செய்தார் என்பதுதான் இந்தக் கதையில் மனதுக்குப் பிடித்த இடம். தன் பெயரில் இருக்கும் கண்டுபிடிப்புக்கு வேறொருவர் முன்னோடி என்று யாராவது சொன்னால், சண்டை போடுகிறவர்கள் உண்டு. கண்டுகொள்ளாமல் போகிறவர்கள் அதிகம். பெர்ரி பஞ்சரத்னத்தின் கட்டுரையை எடுத்துப் படித்தார். 1987ல் இரண்டுக்கும் உள்ள உறவை விளக்கித் தானே ஒரு கட்டுரை எழுதினார். 1994ல் பஞ்சரத்னத்தைப் பாராட்டியே இன்னொன்று எழுதினார். 'பஞ்சரத்னம்-பெர்ரி கட்டம்' என்ற பெயர் நிலைத்தது அதன் பிறகுதான். இதற்கிடையில் 1988ல் ராமன் ஆராய்ச்சி நிலையத்தின் ராஜேந்திர பண்டாரியும் ஜோசப் சாமுவேலும் லேசரை வைத்து அந்தக் கட்டத்தை நேராக அளந்து காட்டியிருந்தார்கள்.

இரண்டும் சேர்ந்த இடம்

இனி ஃபிலிமுக்கு வருவோம். ஸ்க்ரூ மாதிரி சுழலும் ஒளி ஒரு திரவப் படிக ஃபிலிமுக்குள் போகிறது. ஃபிலிமின் தடிமன் சரியாக இருந்தால், வலஞ்சுழி இடஞ்சுழியாக மாறி வெளியே வரும். பாயின்கரே உருண்டையில் சொன்னால், ஒளி ஒரு துருவத்திலிருந்து எதிர்த் துருவத்துக்குப் போகிறது. எந்த வழியாகப் போகும்? அந்த இடத்தில் மூலக்கூறு எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறதோ, அதற்கேற்ற வழியில்.

ஃபிலிமில் ஒரு இடத்தில் மூலக்கூறு வடக்கே பார்க்கிறது, பக்கத்தில் கொஞ்சம் சாய்ந்து நிற்கிறது என்றால், இரண்டு ஒளியும் வேறு வேறு வழியாக ஒரே துருவத்துக்குப் போய்ச் சேரும். இரண்டு வழிக்கும் நடுவில் ஆரஞ்சுச் சுளை மாதிரி ஒரு பரப்பு. பஞ்சரத்னம் விதிப்படி அதில் பாதிதான் கட்ட வித்தியாசம். கணக்குப் போட்டால் விடை அழகாக வருகிறது. மூலக்கூறு எவ்வளவு டிகிரி திரும்புகிறதோ, கட்டம் அதைப்போல் இரண்டு மடங்கு மாறும். 180 டிகிரி திரும்பினால் கட்டம் முழுச் சுற்று, அதாவது 360 டிகிரி. மேடு வேண்டாம், பள்ளம் வேண்டாம். மூலக்கூறுகளை வேண்டிய திசையில் நிற்க வைத்தால் போதும், ஹோலோகிராம் ரெடி.

இந்த யோசனையைச் செய்து காட்டியது பல நாட்டு ஆட்கள். 2001, 2002 வாக்கில் இஸ்ரேலின் ஹைஃபா நகரில் ஹாஸ்மன் குழுவினர் மிக நுண்ணிய கோடுகளைக் கீறிச் செய்தார்கள். திரவப் படிகத்தில் 2006ல் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் மருச்சி குழு செய்தது. அவர்கள் செய்த விதம் வேடிக்கையானது. பூச்சு பூசிய கண்ணாடியைச் சுழலும் துணியின் மேல் கொஞ்ச நேரம் அழுத்தினார்கள். துணி தேய்த்த வட்டங்களின் திசையிலேயே மூலக்கூறுகள் படுத்துக்கொண்டன. உள்ளே போன சாதாரண லேசர் ஒளி, முறுக்கு மாதிரி சுருண்ட அலையாக வெளியே வந்தது.

துணியால் வட்டம்தான் தேய்க்க முடியும். எந்தப் படத்தையும் எழுத வேண்டும் என்றால் ஒளியாலேயே எழுத வேண்டும். அதற்கான வித்தை 1980களின் கடைசியிலிருந்தே தெரியும். முறை இதுதான்:

1. கண்ணாடியின் மேல் ஒளி பட்டால் திரும்பும் ஒரு சாயத்தை மிக மெல்லிசாகப் பூசுகிறார்கள்.

2. ஒரு திசையில் அதிரும் நீல ஒளியையோ புற ஊதாக் கதிரையோ அதன் மேல் பாய்ச்சுகிறார்கள். சாய மூலக்கூறுகள் அந்த அதிர்வுக்குக் குறுக்காகத் திரும்பிக்கொள்கின்றன. ஒளியின் அதிர்வுத் திசையை இடத்துக்கு இடம் மாற்றிக்கொண்டே போனால், பேனாவால் எழுதுவது போலப் படம் பதிவாகிவிடும்.

3. அதன் மேல் திரவப் படிகத்தை ஊற்றிச் சுழற்றிப் பரப்புகிறார்கள். சாயம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ, திரவப் படிகமும் அந்தப் பக்கம் பார்க்கும்.

4. புற ஊதா ஒளி காட்டினால் திரவப் படிகம் இறுகி பிளாஸ்டிக் ஃபிலிம் ஆகிவிடும்.

மொத்தத் தடிமன் ஒன்றிரண்டு மைக்ரான். தலைமுடியில் முப்பதில் ஒரு பங்குகூட இருக்காது. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் எஸ்குட்டி குழு இதில் வருடக்கணக்காக உழைத்தது. எந்த வடிவ அலையையும் தரக்கூடிய ஹோலோகிராம்களை இப்படிச் செய்யும் முறையை 2015ல் வெளியிட்டது. கோட்பாட்டளவில் உள்ளே போகும் ஒளி கிட்டத்தட்ட முழுவதுமே வேண்டிய இடத்துக்குப் போகும். இன்னொரு விந்தையும் உண்டு. ஒரே ஃபிலிம் வலஞ்சுழி ஒளிக்குக் குவிலென்ஸ், இடஞ்சுழி ஒளிக்குக் குழிலென்ஸ்.

ஒரு குறை இருந்தது. ஃபிலிமின் தடிமன் ஒரு நிறத்துக்குத்தான் சரியாகப் பொருந்தும். மற்ற நிறங்களில் கொஞ்சம் ஒளி மாறாமல் கசியும். இதற்கு என்ன செய்தார்கள்? முறுக்கிவிட்ட பல திரவப் படிக அடுக்குகளை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, ஒன்றின் தப்பை மற்றொன்று சரிசெய்யும்படி செய்தார்கள். ஞாபகம் இருக்கிறதா, 1955, மூன்று தகடு? அதே யோசனையின் வழித்தோன்றல்தான் இது.

எதற்குப் பயன்படுகிறது?

2010ல் அமெரிக்காவின் பாலோமர் வானாய்வகத்தில், பெரிய தொலைநோக்கியின் கண்ணாடியில் 1.5 மீட்டர் பகுதியை மட்டும் பயன்படுத்தி, சுமார் 130 ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் எச்.ஆர். 8799 என்ற நட்சத்திரத்தைச் சுற்றும் மூன்று கோள்களைப் படம் பிடித்தார்கள். நட்சத்திரத்தின் கண் கூசும் ஒளியை ஒதுக்கித் தள்ளியது, வட்ட வட்டமாக மூலக்கூறுகளை அடுக்கிய ஒரு திரவப் படிகத் துண்டு.

2019ல் ஃபேஸ்புக் நிறுவனம் 'ஹாஃப் டோம் 3' என்ற மாதிரி வி.ஆர். கண்ணாடியைக் காட்டியது. அசையும் பாகம் எதுவும் இல்லாமல், மெல்லிய திரவப் படிக லென்ஸ்களை அடுக்கி, 64 வெவ்வேறு தூரங்களில் ஃபோகஸ் செய்யும். எஸ்குட்டி தொடங்கிவைத்த இமேஜின்ஆப்டிக்ஸ் நிறுவனத்தை ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனம் மெட்டா வாங்கிய செய்தி 2021 டிசம்பரில் வெளியானது.

ஏன் தூங்கியது?

இந்திய இதழில் வெளியிட்டதால்தான் யாரும் படிக்கவில்லை என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். இந்திய அறிவியல் இந்தியாவிலேயே அச்சாக வேண்டும் என்பது ராமனின் கொள்கை. பஞ்சரத்னம் பிறந்த அதே 1934ல் அவர் அகாடமியையும் அதன் இதழையும் ஆரம்பித்தது அதற்காகத்தான். மருமகனின் நல்ல கட்டுரை மாமாவின் கொள்கையால் மறைந்துபோனது என்று ஒரு கதை கட்டலாம்.

ஆனால் அண்ணனின் கட்டுரையைப் பாருங்கள். அதுவும் இந்திய இதழ்தான். அது மறையவில்லை. வித்தியாசம் எங்கே? 1977ல் உலகம் முழுக்கத் திரவப் படிக ஆட்கள் இருந்தார்கள். கடிதம் போட்டுக்கொண்டார்கள், மாநாட்டில் சந்தித்தார்கள். 1973ல் பெங்களூரிலேயே சர்வதேசத் திரவப் படிக மாநாடு நடந்தது. 'புதுசாக என்ன?' என்று காத்திருந்த கூட்டம் அது. 1956ல் பஞ்சரத்னத்தின் கேள்வியை வேறு யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. லேசர் இல்லை. பெர்ரி இல்லை. எழுதியவரே வேறு துறைக்குப் போய், பிறகு உலகத்தை விட்டே போய்விட்டார்.

சரக்கு எவ்வளவு தரமாக இருந்தாலும் வாங்க ஆள் இல்லாவிட்டால் அது கிடங்கில்தான் கிடக்கும். அதற்குச் சரக்கைக் குறை சொல்ல முடியாது. கிடங்கின் சாவியை யாராவது பத்திரமாக வைத்திருக்க வேண்டும். அதைச் சிலர் செய்தார்கள். ஜார்ஜ் சீரிஸ், தன் இறந்துபோன சக ஆராய்ச்சியாளரின் கட்டுரைகளை எல்லாம் திரட்டி 1975ல் ஆக்ஸ்ஃபோர்ட் அச்சகத்தில் புத்தகமாக்கினார். அப்போது அந்தக் கட்டம் இவ்வளவு பெரிதாகும் என்று யாருக்கும் தெரியாது. ராமசேஷனும் நித்யானந்தாவும் வெளிநாட்டில் வந்த புதுக் கண்டுபிடிப்பைப் படித்தபோது, சொந்த ஊர்ப் பழைய இதழை ஞாபகம் வைத்திருந்தார்கள். இவர்களில் ஒருவர் இல்லாவிட்டாலும் பஞ்சரத்னம் என்ற பெயர் இன்று அந்தக் கட்டத்தின் முன்னால் இருந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

ராமசேஷன் 2003 டிசம்பரில் காலமானார். சந்திரசேகர் 2004 மார்ச்சில். தம்பியின் கணக்கும் தன் திரவப் படிகமும் ஒரே ஃபிலிமில் சேர்ந்து இவ்வளவு தூரம் போனதை அண்ணன் பார்க்கவில்லை. ஹைஃபாவிலும் நேப்பிள்ஸிலும் வட கரோலினாவிலும் நடந்தது, பெங்களூரில் ஒரே கூரையின் கீழே நடந்திருக்கலாம் என்று நினைக்கும்போது கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கிறது.

பஞ்சரத்னத்தின் பெயர் இல்லாமல் இன்று இந்தத் துறையில் ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை வருவது அபூர்வம். சீனாவிலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மாணவர்கள் இந்தத் தமிழ்ப் பெயரை உச்சரிக்கத் திணறிக்கொண்டே படிக்கிறார்கள். 'ஆவடி தீர்மானம்' என்பதைப் பத்து மதிப்பெண் கேள்விக்காக மனப்பாடம் செய்யும் நம் ஊர் மாணவர்களில், அதே 1955ல் ஒரு கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்த அந்த 21 வயதுப் பையனின் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் எத்தனை பேர்?